தூக்கிக் கட்டிய ஜீப்

1. பாலத்தில் நடந்தது

துவாக்குடியில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்புக்கு அந்தப் பழைய ஜீப் வந்து நின்றபோது, ஓட்டி வந்த அம்மாதான் முதலில் இறங்கினார். ஸ்ரீரங்கத்துக்காரர், கால்நடை டாக்டர். கொள்ளிடக் கரை கிராமங்களுக்கு அதில்தான் போய் வருவார். அன்று காலை கொள்ளிடம் பாலத்தில் ஒரு பஸ் தாண்டிப் போன வேகத்தில் ஜீப் தானாக விலகி, பக்கத்தில் போன பைக்கை உரசப் பார்த்திருக்கிறது.

“பைக் டேங்க் மேல ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது பாய். அது முகம் கண்ணை விட்டுப் போகலை,” என்றார்.

கூட வந்த அவருடைய அண்ணன், “உடைக்கப் போட்டுட்டு சின்ன கார் ஒண்ணு வாங்கிக்கோன்னு எத்தனை தடவை சொல்றது? பொம்மனாட்டி ஓட்டற வண்டியா இது?” என்றார்.

டாக்டரம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினார். “மழை பேஞ்சா படுகைப் பாதையில சின்ன கார் இறங்காது. அங்கே வயித்துல கன்னு குறுக்கே நின்னு பசு துடிச்சிண்டிருக்கும். நான் மேட்டுல காரை விட்டுட்டு நடந்து போறதுக்குள்ள ரெண்டும் செத்துடும். செத்திருக்கு. இதைச் சரி பண்ண முடியுமா, முடியாதா? முடியாதுன்னா நானே உடைக்கப் போட்டுடறேன்.”

“பாத்துட்டுச் சொல்றேம்மா,” என்றேன்.

2. முதலாளி சொன்னது

வளைகுடாவில் பல வருடம் பாலைவனத்தில் ஓடும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். தஞ்சாவூர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டால் அது தானாக நேருக்கு வரவில்லை. காற்று அடித்த பக்கமெல்லாம் வண்டி போனது.

கீழே படுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. முன்பக்க ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு பிணைக்கும் ஷாக்கிளை எடுத்துவிட்டு, நீளமான ஷாக்கிள் போட்டு வண்டியை உயரத் தூக்கியிருந்தார்கள். அதற்கு மேல் சேற்றில் ஓட்டுகிற பெரிய டயர். பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதுபோல ஜீப்பின் முன் சக்கரத்துக்கும் ஒரு சாய்வு வேண்டும். காஸ்டர் என்போம். வண்டியை நேராக ஓட வைப்பது அதுதான். முன்பக்கத்தைத் தூக்கியதில் அந்தச் சாய்வு போய்விட்டிருந்தது.

“இதையெல்லாம் யாரும்மா போட்டது?”

“போன வருஷம் இங்கேதான் போட்டா. உங்க முதலாளிதான் நன்னா இருக்கும்னார்.”

நான் அப்போது அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கவில்லை. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நாம போட்ட சாமானை நாமளே கழட்டினா நாளைக்கு எவன் பாய் உள்ள வருவான்? கிழட்டு வண்டி அப்படித்தான் ஓடும்னு சொல்லுங்க. பவர் ஸ்டீயரிங் ஒண்ணு மாட்டி அனுப்புங்க.”

“அது லேசா திரும்பத்தாங்க உதவும். நேரா ஓட வைக்காது.”

“உங்களைக் கேட்டா நான் கடை நடத்துறேன்?”

திரும்பி வந்து, முதலாளி காதிலும் விழும்படியே டாக்டரம்மாவிடம் சொன்னேன். “தப்பு உங்க மேல இல்லம்மா. வண்டிக்கு வயசானதும் காரணமில்ல. இந்தக் கடையில போட்ட சாமான்தான் காரணம். அதைக் கழட்டணும்.”

டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்து ஜீப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “கழட்டுங்கோ. யார் தடுக்கறான்னு பாக்கறேன்.”

முதலாளி தடுக்கவில்லை.

3. கழற்றிய பிறகும்

பழைய அளவு ஷாக்கிள், ஸ்பிரிங் மூட்டுகளில் புது ரப்பர் புஷ், கம்பெனி அளவு டயர் என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டு டாக்டரம்மாவையே ஓட்டச் சொன்னேன். அலைவது பெரிதும் குறைந்திருந்தது. ஆனாலும் ஸ்டீயரிங் முழுதாக நேருக்கு வரவில்லை. முதலாளி வாசலில் கை கட்டி நின்று, “பாத்தீங்களா?” என்றார்.

டாக்டரம்மா யோசித்துவிட்டுச் சொன்னார். “திருப்பறச்சே கையில ஒரு இறுக்கம் தெரியறது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி.”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. முன் சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு, டை ராடு எண்ட், தேய்ந்துபோயிருந்தது; அதன் ஆட்டத்தை மறைக்க, யாரோ ஸ்டீயரிங் பாக்ஸ் ஸ்குருவைக் கண்டபடி முறுக்கி வைத்திருந்தார்கள். ஸ்குருவைச் சரியான அளவுக்குத் தளர்த்தினேன். டை ராடு எண்டை மாற்றினேன். ஜாக்கியை இறக்கி, வண்டியின் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பிரிங் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கினேன். சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால் புஷ் திருகிக்கொண்டு நிற்கும். பிறகு அலைன்மென்ட் பார்த்தோம்.

அதே பாலத்துக்குப் போனோம். டாக்டரம்மா ஓட்டினார். நான் பக்கத்தில், அண்ணன் பின்னால். பாலத்தின் நடுவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டியது. காற்று அடித்ததும் ஜீப் லேசாகக் குலுங்கியது. கோடு மாறாமல் போனது. அக்கரையில் ஓரம் கட்டி இறங்கினார். கண் கலங்கியிருந்தது. சாவியை அண்ணனிடம் நீட்டி, “திரும்பிப் போறச்சே நீ ஓட்டு,” என்றார்.

துவாக்குடி வரைக்கும் அண்ணன்தான் ஓட்டினார். இறங்கும்போது, “இது ஓடட்டும்,” என்றார் தங்கையிடம்.

டாக்டரம்மா கிளம்பிப் போனதும் முதலாளி, “நாளையிலேர்ந்து வராதீங்க பாய்,” என்றார். நான் கெஞ்சவில்லை. ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில் என்ன சொல்வது என்ற பயம் இருந்தது. செய்ததற்காக வருத்தம் மட்டும் வரவில்லை.

பிறகு அரியமங்கலத்தில் சின்னதாக ஒரு ஷெட் பிடித்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி ரோட்டில் நேராக ஓடவில்லை என்றால் உடனே வயதைக் குறை சொல்லாதீர்கள். புதிதாக எதையும் மாட்டுவதற்கு முன்னால், ஏற்கெனவே மாட்டியது என்னவென்று பாருங்கள். தப்பு உங்கள் கடையுடையது என்றால் அதையும் ஓட்டுகிறவரிடம் சொல்லுங்கள். வேலை போகும். போகட்டும், வேறு வேலை கிடைக்கும்.