பளிச்சக்காவின் முதல் டம்ளர்

அந்தத் தொழிற்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பளிச்சக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அவள் கண்ணில் பட்ட அழுக்கு தப்பிப் பிழைத்ததாகச் சரித்திரமே கிடையாது. வீட்டில் கணவர் கழற்றிப் போட்ட சட்டை, சூடு ஆறுவதற்குள் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும்.

பல வருடம் பேக்கிங்கில் பெட்டி ஒட்டியவளைச் சமீபத்தில்தான் பூச்சு அறைக்கு மாற்றியிருந்தார்கள். உப்புத் தண்ணீரைக் குடிநீராக்கும் மெல்லிய தாள்கள் அங்கேதான் தயாராகின்றன. நம் உடம்பின் செல்களில் ஒரு புரதம் இருக்கிறது. தண்ணீரை மட்டும் உள்ளே விட்டு, உப்பை வாசலிலேயே நிறுத்திவிடும். அதைக் கிருமிகளில் வளர்த்தெடுத்து, கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழ்களில் பதித்து, அந்தக் கரைசலைத் தாளின் மேல் சீராகப் பூச வேண்டும். பளிச்சக்காவுக்கு அந்த வேலை மேல் உயிர். தாள் பரப்பிய தட்டைச் சாய்க்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள்.

பிளம்பரான கணவருக்கு அது வேடிக்கை.

"நான் ஊர் பூரா ஓட்டைய அடைச்சிட்டு வர்றேன். உனக்கு ஓட்டை போடறதுக்குச் சம்பளமா?"

"உங்க ஓட்டையில எல்லாமே ஒழுகும். என் ஓட்டையில தண்ணி மட்டும்தான் போகும். பொறாமைப்படாதீங்க!"

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பூச வந்தவரின் தாள் முதல்முறை தேறும்போது, அதில் இறங்கும் முதல் டம்ளர் தண்ணீரை அவர் வீட்டு ஆள் வந்து குடிக்க வேண்டும். சொந்த வீட்டுக்குக் கொடுக்கத் துணியாததை வெளியே அனுப்பக் கூடாதல்லவா? கணவர் இரண்டு முறை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். இரண்டு முறையும் மீட்டர் உப்பு என்று காட்ட, தாகத்தோடு திரும்பினார்.

மேற்பார்வை பார்க்கும் பெண் வயதில் சின்னவள். ஆனால் எதையும் பட்டென்று சொல்லிவிடுவாள். "அக்கா, இன்னும் ஒரு தடவை பாப்போம். அதுவும் போச்சுன்னா நீங்க பேக்கிங்குக்கே போயிடுங்க."

பளிச்சக்கா முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள். பூச்சு அறையில் மாட்டும் வெள்ளைக் கோட்டின் கைமுனை நனைந்துவிட்டது. பிழிந்தாள். நுரை வந்தது.

கைமுனையை முகர்ந்து பார்த்தாள். சோப்பேதான். பூச்சு அறைக்குள் சோப்பு வாசனைகூட வரக் கூடாது என்பது சட்டம். சட்டியின் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதுபோல, சோப்பு அந்தக் கொழுப்புக் குமிழ்களையும் கரைத்துவிடும். கோட்டுகளை அங்கே வெந்நீரில் மட்டும்தான் அலசுவார்கள். அந்த வெளுப்பு போதாதென்று, இவள் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் நுரைக்க நுரைக்கத் துவைத்திருந்தாள். தட்டின் மேல் குனிந்தபோதெல்லாம் அந்தக் கைமுனை கரைசலைத் தொட்டிருக்கிறது.

சத்தம் காட்டாமல் வேறு கோட்டு மாற்றிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பழி கரைசல் தயாரிப்பவர்கள் தலையில் அல்லவா விழுந்திருந்தது! மனசு கேட்கவில்லை. நேரே போய்ச் சொல்லிவிட்டாள்.

மேற்பார்வைப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ அக்கா, அவங்கள நான் எப்படிக் கரிச்சுக் கொட்டினேன் தெரியுமா?" பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். "முதல்ல அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும், நீங்களும் வாங்க. இனிமே கோட்டு இந்த வாசலைத் தாண்டக் கூடாது."

மறுமுறை பளிச்சக்கா பழுப்பேறிய கோட்டை மூக்கைச் சுளித்துக்கொண்டே மாட்டினாள். பூசினாள். தாள் தேறிவிட்டது என்றது மீட்டர்.

கணவருக்கு நம்பிக்கை விட்டுப்போயிருந்ததால் வேலைக்கு நடுவில் அப்படியே வந்துவிட்டார். எல்லோரும் சுற்றி நிற்க, டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார்.

"எப்படி இருக்கு?"

அவர் திருதிருவென்று விழித்தார். "தப்பா நெனச்சுக்காதம்மா. ஒரு ருசியும் இல்ல. சப்புன்னு இருக்கு."

கைதட்டல் கிளம்பியது. அவர் ஒன்றும் புரியாமல் நின்றார். பளிச்சக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"சப்புன்னு இருக்கு."

அவர் சட்டை முழுக்கக் கிரீஸ் கறை. அது அவள் கண்ணில் படவே இல்லை.