சாவியை எடுத்த பிறகும் ஓடிய வேன்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. தெருவில் அவர் கார்புரேட்டர். முப்பத்தொரு வருடமாகப் பெட்ரோல் இன்ஜினைத் தவிர வேறெதையும் அவர் தொட்டதில்லை. பானெட்டின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடுவார். எந்த சிலிண்டர் சோம்பேறி என்று சொல்வார். சொன்னது தப்பியதில்லை. மற்றவர்கள் பேனா செருகும் பாக்கெட்டில் அவர் பத்தாம் நம்பர் ஸ்பானர் செருகியிருப்பார்.

டீசல் என்றால் மட்டும் முகம் கோணிவிடும்.

"அதுவும் ஒரு இன்ஜினா? இருமல் வந்த எருமை!"

இதை அவர் சொல்லும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்து டீசல் பட்டறையில் ஒருவன் கேட்டுக்கொண்டிருப்பான். அவருடைய மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. இரண்டு பட்டறைகளுக்கும் நடுவே பதினெட்டடி தெரு. வீட்டில் ஒரே தட்டில் கை வைக்கிற அளவுக்கு ஒட்டு உறவு. பட்டறை ஷட்டரைத் தூக்கிவிட்டால் இரண்டு நாடு. பன்னிரண்டு வருடத்தில் வேலை விஷயமாக அந்தப் பதினெட்டடியைக் கார்புரேட்டர் தாண்டியதே கிடையாது.

மனைவிக்குச் சலவைக் கடை. திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு வெள்ளை விரிப்புகள் கொண்டு போவாள். அதற்கென்றே ஒரு பெரிய வேன். பின்சீட்டெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டால் உள்ளே ஒரு குடித்தனம் நடத்தலாம். முன்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவே, பெட்டி போட்டு மூடின மாதிரி இன்ஜின் உட்கார்ந்திருக்கும். அந்த இன்ஜின் ஒருநாள் பாலத்து ஏற்றத்தில், உள்ளிருந்த தண்டு ஒன்றை இரும்புக் கை மாதிரி பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வெளியே நீட்டி எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டது.

"இன்னொரு பெட்ரோல் இன்ஜின் பாக்கறேம்மா" என்றார் கார்புரேட்டர்.

"வேணாம். டீசல் வாங்கிட்டேன். ரொட்டி லாரில இருந்தது."

"யாரைக் கேட்டு வாங்குன?"

"என்னைக் கேட்டுத்தான்."

"யாரு மாட்டறது?"

"நீங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, எதிர்ல ஒருத்தன் சும்மாதான் உக்காந்திருக்கான். போன திங்கள் வாடகை வண்டில துணி போச்சு, வர்ற திங்களும் அப்படித்தான். மூணாவது திங்களும் சொந்த வண்டி வரலேன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்னுட்டாங்க."

அந்த 'எதிர்ல ஒருத்தன்' வேலை செய்தது. கார்புரேட்டர் கைலியை மடித்துக் கட்டினார்.

இன்ஜின் தள்ளுவண்டியில் வந்து இறங்கியபோதே மச்சான் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான்.

"மாமா! அதுல ஒண்ணு குறையுது!"

"உனக்கு நாக்கு ஒண்ணு அதிகமா இருக்கு. போய் வேலையப் பாரு மச்சான்!"

ஒன்பது நாள் மல்லுக்கட்டினார். டீசலின் உடம்பு அகலம். இன்ஜினைத் தாங்குகிற இரும்புக் கட்டைகளை வெட்டி வேறிடத்தில் பற்றவைத்தார். பழைய கியர்பாக்ஸோடு அது சேரவில்லை. நடுவே வைக்க ஒரு கனத்த இரும்புத் தட்டு லேத்தில் கடைந்து வந்தது. உயரமும் ஒரு சாண் அதிகம், மூடி மூடவில்லை. மனைவி துணி ஊறவைக்கும் அலுமினியத் தொட்டியைத் தூக்கிவந்து, உள்ளே பழைய கம்பளி ஒட்டி, இன்ஜின் மேல் கவிழ்த்தார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மலை முளைத்தது.

"மாமா, ஒரே ஒரு வார்த்தை..." மச்சான் மறுபடியும்.

"வார்த்தையெல்லாம் வீட்ல வச்சுக்கலாம்!"

ராத்திரி சாப்பிட உட்காரும்போது மச்சானே வாயைத் திறந்தாலும், "சாப்பிடறப்ப இரும்பு பேசாத" என்று அவரே வெட்டிவிடுவார்.

நடுவில் ஒருநாள் கொஞ்சம் நொந்துபோனார். "பிளக் இல்ல, காயில் இல்ல. என் பேரே இதுல இல்லையேம்மா" என்றார் மனைவியிடம். ஆனால் சொல்லும்போது அவர் கை இன்ஜினுக்கு டீசல் தள்ளும் பம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. டேங்க் நிறைய டீசல். சாவியைத் திருப்பினார். உறுமல், வெள்ளைப் புகை, ஒரு நொடி மௌனம். பிறகு பட்டறைத் தகரமெல்லாம் கைதட்டுகிற மாதிரி இன்ஜின் பிடித்துக்கொண்டது. கார்புரேட்டர் குதித்தார். ஐம்பத்தைந்து வயது ஆள், எண்ணெய்த் துணியைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு வேனைச் சுற்றி ஆடினார். மனைவி சோப்புக் கையோடு ஓடிவந்தாள்.

ஆடி முடித்து, நிறுத்துவதற்காகச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடியது. சாவியை உருவினார். இன்ஜின் ஓடியது. சாவியை உற்றுப் பார்த்தார், ஏதோ துரோகம் செய்துவிட்ட மாதிரி. சாவி இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைப் பூட்டுகிற வழக்கமும் அந்தப் பழைய வேனுக்குக் கிடையாது. பிறகு பாக்கெட்டில் ஸ்பானர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "ஏறும்மா, ஒரு ரவுண்டு போவோம்" என்றார்.

ஒரு ரவுண்டு போனார்கள். இரண்டாவது ரவுண்டில் மச்சான் பட்டறை வாசலில் நின்று டீ டம்ளரை உயர்த்தினான். மூன்றாவதில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"போதுங்க, துணி ஊறுது. நிறுத்துங்க."

"காத்து நல்லாருக்கில்ல?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஸ்டியரிங் பக்கம் பார்த்தாள். பிறகு அவர் பாக்கெட்டைப் பார்த்தாள்.

"சாவி இங்க இருக்கு. அப்ப வண்டி எதுல ஓடுது?"

அவளுக்கு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அலுமினிய மலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். தொட்டி கிடுகிடுத்ததில் சிரிப்பும் துண்டுதுண்டாக வந்தது.

"நா...ளைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல?"

"அதுபாட்டுக்கு ஓடட்டும்!"

"டேங்க் ரொப்பியிருக்கேங்க! புதன்கிழமை வரைக்கும் ஓடும்!"

அவருக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நாலாவது ரவுண்டு முழுக்க இருவரும் கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

வழி தேடாமல் இல்லை. கிளட்ச் உள்ள வண்டியாக இருந்தால் பிரேக்கை மிதித்துத் திணறடிக்கலாம். இது தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஜாதி. டீசல் குழாயைக் கழற்றினால் நிற்கும்தான். ஆனால் குழாயில் காற்று புகுந்துவிடும், அதை எடுக்காமல் மறுபடி கிளம்பாது. காற்று எடுக்கிற வித்தை தெரிந்தவன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். எந்தச் சந்தில் திரும்பினாலும் அந்த ஸ்டூலில்தான் போய் முடிந்தது.

"நான் கேக்கட்டுமா?" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்தபடி.

"வேணாம். மாட்டினது நான்."

ஐந்தாவது ரவுண்டில் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தார். பதினெட்டடி. சின்னத் தெருதான். வேன் அதிர்ந்துகொண்டே டீசல் பட்டறை வாசலில் நின்றது.

"வாங்க மாமா. பெட்ரோல் போடணுமா?"

கார்புரேட்டர் நேராக முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: "மச்சான், எருமைக்கு இருமல் நிக்கல. மருந்து இருந்தா சொல்லு."

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தான். ஏறி, தொட்டியைத் தூக்கி, பம்பின் பக்கவாட்டில் இருந்த சுண்டுவிரல் அளவு நெம்புகோலை ஒரே விரலால் தள்ளினான்.

தெருவில் அப்படி ஒரு அமைதி. எங்கோ குழாய் சொட்டுவது கேட்டது.

"இதை இழுக்கத்தான் ஒரு கம்பி இருக்கணும். சாவிக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஒன்பது நாளா இதத்தானே கத்தறேன்!"

"தள்ளு, நான் பண்றேன்."

ஸ்டார்ட் செய்தார். விரலால் தள்ளினார். நின்றது. "ஆஹா!" மறுபடி. நின்றது. "எனக்கு ஒரு தடவை மாமா!" அவன் தள்ளினான். இவர் தள்ளினார். இரண்டு ஆண்பிள்ளைகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு முறை கேட்டார்கள்.

"என்ன இது, ஃபேன் சுவிட்சா? பேட்டரி போயிடும்!" என்று மனைவி கத்தினாள்.

பதினாலாவது தடவை, கிர், கிர், க் என்று பேட்டரி போய்விட்டது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான் வாயைத் திறப்பதற்குள் கார்புரேட்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"பேட்டரி என் இலாகா."

தன் பட்டறை சார்ஜரிலிருந்து சிவப்பு வயரைத் தெரு குறுக்கே இழுத்து, மேலே சாக்கு போட்டார். சாயங்காலம் வரை அந்தத் தெருவில் சைக்கிள்கள் ஒரு துள்ளு துள்ளிப் போயின. மச்சான் சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றைப் பம்பிலிருந்து டாஷ்போர்டு வரை கொண்டுவந்தான். இழுக்கப் பிடி வேண்டுமே? மனைவி தன் அலமாரியின் பீங்கான் குமிழைத் திருகிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை வெள்ளை மூட்டைகள் ஏறின. அவள் ஒருமுறை ஸ்டார்ட் செய்தாள். குமிழை இழுத்தாள், நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்துவிட்டு, "யாரும் தொடக்கூடாது" என்று இருவரையும் முறைத்துவிட்டுக் கிளம்பினாள்.

டீசல் பட்டறை வாசலில் இருவரும் நின்றார்கள். வேன் திருப்பத்தில் மறையும்வரை கார்புரேட்டர் கண்ணை மூடியிருந்தார்.

"மச்சான், மூணாவது சிலிண்டர் கொஞ்சம் சோம்பேறி."

"சும்மா இருங்க மாமா, நல்லாத்தானே..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தி, தானும் கண்ணை மூடிக் காதைத் தெருப்பக்கம் திருப்பினான். பிறகு உள்ளே போய் இன்னொரு ஸ்டூல் எடுத்து வந்தான்.