என்னைக் காட்டிக்கொடுக்காத சமையல் அக்கா

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புதன்கிழமை காலையில், திருப்பதியில் ஒரு அரசு மருத்துவமனையில் இது தொடங்கியது. மருந்து வாங்குவதற்காக டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் தலையைக் குனிந்து பையைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தார். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கிற அக்கா அவர்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டும் மருந்து தருகிற இடம். காய்ச்சல் என்றோ, உறவுக்காரரைப் பார்க்க வந்தேன் என்றோ சொல்லித் தப்பிக்க முடியாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆந்திராவில் பிச்சாட்டூர் பக்கம், தமிழ் பேசுகிற ஒரு சின்ன ஊர். கரும்பும் கடலையும் பயிரிடுகிறேன். குடலிறக்க ஆபரேஷனுக்காக ரத்தம் பார்த்தபோதுதான் எனக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது. அது நடந்து இப்போது பதினான்கு வருடம் ஆகிறது. எப்படி வந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. தப்பு என்னுடையது, அது என் மனைவிக்குத் தெரியும். நல்லவேளையாக அவளுக்கும் என் மகளுக்கும் நோய் இல்லை.

முதல் இரண்டு வருடம் நான் மனுஷனாகவே இல்லை. தட்டு தனி, டம்ளர் தனி என்று நானே ஒதுங்கிக்கொண்டேன். நடக்கப் பழகிக்கொண்டிருந்த மகள் கையை நீட்டிக்கொண்டு வந்தால், எழுந்து கொல்லைக்குப் போய்விடுவேன். தொட்டால் ஒட்டாது என்று டாக்டர் எத்தனை முறை சொல்லியும் மனசு கேட்கவில்லை. மாத்திரையைத் தவறாமல் போட்டேன். உடம்பு தேறியது. ரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, எல்லாரையும் போல வாழலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் பயம் மட்டும் குறையவில்லை. சாகிற பயம் போய், ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதனால்தான் கிட்டத்தில் எங்கும் போகாமல் திருப்பதி வரை போனேன். திரும்பும்போது ஏதாவது ஒரு கோவிலுக்குள் நுழைந்து நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு வருவேன். ஊரில் எனக்குப் பெரிய பக்திமான் என்று பெயர். அந்தப் பெயரால்தானோ என்னவோ, பள்ளியில் பெற்றோர் கமிட்டிக்கும் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். அக்கா என்னைப் பார்த்தார். நான் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தால், அவர் எழுந்து போய்க் கடைசி பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். என் சங்கடம் புரிந்து அவர் செய்த மரியாதை அது என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். பார்த்துவிட்டார், ஊரில் சொல்லிவிடுவார். ஒரே பஸ்ஸில் ஏறிவிடக் கூடாது என்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. பள்ளிக்கூட வாசலில் எதிரே வந்தால் எப்போதும் போல லேசாகச் சிரிப்பார். நான்தான் பார்க்காத மாதிரி போவேன். என் மகள் அப்போது ஆறாவது படித்தாள். சாப்பாடு போடும்போது அந்த அக்கா பிள்ளைகளிடம் ஏதாவது பேசுவது வழக்கம். வாய் தவறி, 'உங்க அப்பாவ ஆஸ்பத்திரில பாத்தேனே' என்று சொல்லிவிட்டால்? இந்த ஒரு பயத்தில், மகளுக்கு வீட்டிலிருந்தே டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுக்கச் சொன்னேன்.

யாரைப் பார்த்தேன் என்பதை மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். மகள் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்த நேரம், அவள் பாக்ஸை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

"அந்தம்மாவுக்கு இருக்கிறதுதான உனக்கும் இருக்குது. நீ பிசைஞ்சு வச்ச சோத்த நானும் பொண்ணும் துன்னல?"

ஆனாலும் டிபன் பாக்ஸ் போனது. தினமும் போனது.

சில மாதம் கழித்து, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அக்காவை அந்த மருந்து தருகிற இடத்தின் வாசலில் பார்த்துவிட்டு வந்து டீக்கடையில் சொல்லிவிட்டார். அவர் பார்த்தது என்னையாகவும் இருந்திருக்கலாம், நாள்தான் வேறு. இரண்டே நாளில் ஊர் முழுக்க அதே பேச்சு. காலனியிலிருந்து வந்து சமைக்கிறார் என்று ஏற்கெனவே முகம் சுளித்துக்கொண்டிருந்த சிலருக்கு இது வசதியாகப் போயிற்று. பிள்ளைகளைப் பள்ளியில் சாப்பிட விடாமல் நிறுத்தினார்கள். சோறும் முட்டையும் அப்படியே மிஞ்சின.

அப்போதுதான் என் தலையில் இடி விழுந்தது. கடைத்தெருவில் ஒருவர் என் தோளில் கை போட்டு, "உனக்கு மொதல்லயே தெரியும் போல. அதனாலதான் பொண்ணுக்கு டிபன் பாக்ஸ் குடுத்தனுப்பிக்கினு இருந்தியா? எங்க கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் இல்ல?" என்றார். கமிட்டியில் இருப்பவரே தன் பெண்ணைச் சாப்பிட விடவில்லையாம் என்பது எல்லா வீட்டிலும் ஒரு காரணமாக ஆகியிருந்தது. என் கோழைத்தனம் அந்த அக்காவின் பிழைப்பில் கை வைத்துவிட்டது.

எச்.எம். மேடம் கமிட்டியைக் கூட்டினார். ஒன்பதாம் வகுப்பு அறையில், பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். வாசலில் வேறு சில பெற்றோரும் நின்றிருந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்சம்மா, சமைப்பதாலோ பரிமாறுவதாலோ இந்த நோய் பரவாது என்று பொறுமையாக விளக்கினார். கேட்டுக்கொண்டார்கள். கேட்டு முடித்ததும் ஒருவர், "அதெல்லாம் சரிம்மா. பசங்க துன்ற சோறு இது. வேற ஆள போட்டுடுங்க" என்றார். நாலைந்து தலைகள் ஆடின.

மேடம் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து கதவோரம் நின்றார். சொல்லம்மா என்ற அர்த்தத்தில் "செப்பம்மா" என்று தெலுங்கில் ஆரம்பித்த மேடம், உடனே தன்னைத் திருத்திக்கொண்டார். "உனக்கு இஷ்டம் இல்லேன்னா ஒண்ணும் சொல்ல வேணாம். சட்டப்படி யாரும் உன்ன கேக்க முடியாது" என்று தமிழில் முடித்தார்.

அக்கா இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாராலும் நிரூபித்திருக்க முடியாது. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். சாமி மேல் சத்தியம்கூடப் பண்ணியிருப்பேன்.

"சொல்றதுக்கு இன்னா இருக்குது மேடம்" என்றார் அக்கா. "இருக்குது. பதினாறு வருசமா இருக்குது. எம் புருசன் செத்தப்ப ரத்தம் பாத்து சொன்னாங்க. அன்னிலருந்து மாத்தர போட்டுக்கினு இருக்கிறேன், ஒரு நாள் தப்பல. எம் பசங்க ரெண்டு பேரும் நான் ஆக்கிப் போட்டத துன்னுதான் வளந்தாங்க. பெரியவன் தடா பக்கம் கம்பெனில வேல செய்றான், சின்னவ காலேஜ் போறா. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. இங்க ஏழு வருசமா ஆக்குறேன். எந்தப் புள்ளைக்காவது எதாவது ஆச்சா, நீங்களே சொல்லுங்க."

வாசலில் நின்ற ஒருவர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டாரா, வெறும் ஆர்வமா என்று தெரியாது. "ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு வர்றியே, நம்ம ஊர்ல இருந்து வேற யாராச்சும் அங்க வர்றாங்களா?"

நான் முன் பெஞ்சில் இருந்தேன். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை. கமிட்டியில் உட்கார்ந்து அவருடைய வேலையைப் பற்றி முடிவு பண்ணப் போகிறவன் நான். தன் பெண்ணை அவர் கையால் சாப்பிட விடாமல் முதலில் நிறுத்தியவனும் நான். என் பக்கம் விரலை நீட்டி, 'இதோ, இவரும்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாக் கண்ணும் அவரை விட்டு என் மேல் திரும்பியிருக்கும். அப்படிச் சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை. கேட்டவரை நேராகப் பார்த்துச் சொன்னார்: "அங்க வர்றவங்க ஒடம்பு நல்லா இருக்கணும்னு வர்றாங்க. அவங்க மூஞ்சிய பாத்துக்கினு வர்றது என் வேல இல்ல. என்னப் பத்தி எத வேணா கேளு, சொல்றேன்."

கேட்டவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மேடம் என்னைப் பார்த்து, "நீங்க இன்னா சொல்றீங்க?" என்றார்.

எழுந்து நின்றேன். எனக்கும் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன், அது சத்தியம். வாய் வரை வந்தது. என் மகளின் முகம் நினைவுக்கு வந்ததும் உள்ளே போய்விட்டது. சொல்ல முடிந்ததை மட்டும் சொன்னேன். "என் பொண்ணுக்கு டிபன் பாக்ஸ் குடுத்தது என் தப்பு. இந்த அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல. நாளைலருந்து என் பொண்ணு இங்கதான் துன்னுவா. நானும் வந்து துன்றேன், எல்லாரும் பாருங்க."

மறுநாள் போனேன். மகள் பக்கத்தில் தரையில் தட்டோடு உட்கார்ந்தேன். அக்கா சாம்பார் சோறும் முட்டையும் வைத்தார். எச்.எம். மேடமும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அன்று பதினைந்து பிள்ளைகள்கூட இல்லை. ஒரு வாரம் தொடர்ந்து போனேன். நர்சம்மா ஒருநாள் வந்து சாப்பிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் திரும்பினார்கள். ஒரு குடும்பம் மட்டும் பிடிவாதமாகப் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டது. அக்காவின் வேலை நிலைத்தது. இன்றைக்கும் அவர்தான் சமைக்கிறார்.

மன்னிப்புக் கேட்க ஒருநாள் சமையல் கொட்டகைக்குப் போனேன். அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் வார்த்தை தேடித் தடுமாறுவதைப் பார்த்து அவரே ஆரம்பித்தார். "டிபன் பாக்ஸ பாத்தப்பவே புரிஞ்சது தம்பி. எனக்கும் மொதல் அஞ்சு வருசம் அப்படித்தான். நிழல பாத்தாலும் பயம்."

"இப்ப எப்படிக்கா இவ்ளோ தைரியம்?" என்று கேட்டேன்.

"தைரியம்லாம் இல்ல. ஒளிச்சு ஒளிச்சு அலுத்துப் போச்சு, அவ்ளோதான்."

"என் பேர ஏன் சொல்லல?"

அரிசித் தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னார்: "அது உன்னுது. சொல்றதுன்னா நீ சொல்லிக்க. நான் யாரு சொல்றதுக்கு?"

அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே நாளில்தான் மருந்து வாங்கப் போகிறோம். புத்தூரில் பஸ் நிற்கும்போது டீ குடிப்போம். அவர் மகன் கல்யாணப் பேச்சு, கரும்பு வெட்ட ஆள் கிடைக்காதது, மாத்திரையால் வருகிற மயக்கம், எல்லாம் பேசுவோம். பதினான்கு வருடத்தில் மனைவியைத் தவிர இன்னொருவரிடம் இதை வாய்விட்டுப் பேசியது அந்தப் பஸ்ஸில்தான். அப்படிப் பேசிப் பழகிய தெம்பில், போன வருடம் என் தம்பியிடம் சொன்னேன். அவன் கையிலிருந்த மண்வெட்டியை வரப்பில் வைத்தான். பிறகு, "இத்தினி வருசம் தனியாவா வச்சிக்கினு இருந்த?" என்று கேட்டு அழுதுவிட்டான். மகளுக்குப் பதினெட்டு ஆகட்டும், அவளிடமும் சொல்ல வேண்டும்.

ஊருக்கு இன்னும் சொல்லவில்லை. இதையும் பெயர் போடாமல்தான் எழுதுகிறேன், அதில் எனக்கு வெட்கம் உண்டு. ஆனால் முன்னைப் போல என்னையே நான் அருவருப்பாகப் பார்ப்பதில்லை. இந்த நோயோடு இத்தனை வருடம் எப்படி இருக்கிறாய் என்று என்றாவது யாராவது என்னைக் கேட்டால், நாலடி தூரத்தில் என்னை வைத்துக்கொண்டு, தன் பிழைப்பே போகும் நிலையிலும் என் பக்கம் ஒரு பார்வைகூடத் திருப்பாமல் நின்ற அந்த அக்காவைப் பற்றித்தான் முதலில் சொல்வேன், மாத்திரையைப் பற்றி அப்புறம்தான்.