வேண்டாவின் வீட்டுக்காரர் செங்கல்பட்டுக்குப் போனது

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில், சவுக்கு மரத்தடியில் பாசிமணியும் சோழிமாலையும் விற்றுக்கொண்டிருந்தவள் வேண்டா. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால், இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்கு உறைக்கும்படி வைத்த பெயர். சாமிக்குக் காது மந்தமோ என்னவோ, நாலாவதும் பெண்தான்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் மாலையின் விலையை ஐந்து பாஷையில் சொல்வாள். வெள்ளைக்காரியின் கழுத்தில் மாலையைப் போட்டுப் பார்க்கும்போதே, "பேபி? ஹௌ மெனி?" என்று கேட்டுவிடுவாள். முதலில் அது வியாபாரத் தந்திரம். பிள்ளைகளுக்கும் ஒன்று தலையில் கட்டலாமே. போகப்போக அதுவே ருசியாகிவிட்டது. மூன்று பிள்ளை பெற்றால் சர்க்கார் பணமும் ரயிலில் சலுகையும் தருகிறது என்றாள் ஒரு பிரெஞ்சுக்காரி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அப்பனுக்கே லீவு உண்டு என்றாள் ஸ்வீடன்காரி. வேண்டா வீட்டுக்கு வந்து கணவன் சுப்பிரமணியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"அங்க பெத்தா டப்பு, இங்க ஆப்பரேசன் பண்ணி நிறுத்துனா டப்பு. எல்லா கவருமெண்டுக்கும் என் வயித்து மேலதான் கண்ணு!"

ஆட்டோ ஓட்டிக் களைத்து வரும் சுப்பிரமணிக்கு இதில் சிரிக்க எதுவும் தென்படாது.

தொண்ணூற்றெட்டில் வேண்டாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கியதும், துணை சுகாதார நிலைய நர்ஸ் ஞானம்மாள் மரத்தடிக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு ஆயிடுச்சில்ல, இன்னும் இன்னாத்துக்கு யோசிக்கிற? வர்ற வியாழக்கெழம குடும்பக் கட்டுப்பாட்டு கேம்பு. வந்துடு."

"எங்க அக்கா கேம்புக்குப் போய்தான் சிஸ்டர், இன்னும் வயித்தப் புடிச்சிகினு கீது. நானும் படுத்துட்டா இந்தப் பெட்டிய யாரு தூக்குவாங்க? என்னை இழுத்துகினு போனா ஒங்களுக்குக் கணக்கு சேரும்."

"மாசத்துக்கு இத்தினி பேருன்ற கணக்கையெல்லாம் தூக்கிட்டாங்கடி. எங்கயோ எகிப்துல மீட்டிங் போட்டு, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு பேசிகினாங்களாம். டெல்லியும் சரின்னுடுச்சு. எங்க மேல கீறவங்க மட்டும் மாசக் கடைசியில 'எத்தினி பேரு?'ன்னு கேக்கறாங்க."

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டா அசையவில்லை.

அந்த மார்கழியில் கிரெக் என்ற நியூசிலாந்துக்காரன் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் மாலை வாங்க வந்தான். வேண்டா வழக்கம்போல, "மோர் பேபி?" என்று கேட்டாள். அவன் தலையாட்டி மறுத்துவிட்டு, இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டி, "ஸ்னிப்!" என்றான். மாலை நீளமாக இருக்கிறது, நூலை வெட்டச் சொல்கிறான் என்று வேண்டா கத்தரிக்கோலை எடுத்தாள். அவன் துள்ளிப் பின்வாங்கினான். மனைவி மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் கையாலும் வாயாலும் விளக்கிய பிறகுதான் விஷயம் வேண்டாவுக்கு எட்டியது. பெண்டாட்டிக்குப் பதிலாக அவனே ஆப்பரேஷன் பண்ணிக்கொண்டிருக்கிறான்! கொஞ்சமும் வெட்கமில்லாமல் அதைச் சொல்லவும் செய்கிறான்!

வேண்டாவின் மூளை சுறுசுறுப்பாகியது. மறுநாள் திருக்கழுக்குன்றம் மலைக்குப் போக அவர்களுக்குச் சுப்பிரமணியின் ஆட்டோவை அவளே பேசிவிட்டாள். "வழிகாட்ட நீயும் மேல ஏறுயா" என்று கணவனிடம் சொன்னாளே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை.

மாலை திரும்பிய சுப்பிரமணி கால் நீட்டிப் படுத்துவிட்டான்.

"இன்னா மனுசன்மே அவன்! பொண்ணத் தோள்ல வெச்சிகினு கடகடன்னு ஏறிட்டான். நான் பாதி மலையில ஒக்காந்துட்டேன்."

"ஆப்பரேசன் பண்ணிகினவன்யா அவன்."

"இன்னா ஆப்பரேசன்?"

வேண்டா இரண்டு விரலை ஆட்டிக் காட்டினாள். சுப்பிரமணி சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். அப்புறம் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தான். கடைசியில், "ஒங்க அக்கா மாதிரி நீயும் கஷ்டப்படக் கூடாது, அதான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். வேண்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே, அவன் மனம் மாறுவதற்குள் ஞானம்மாளிடம் ஓடினாள்.

ஞானம்மாளோ பதறிப்போனார். "ஆம்பளையா? என் சர்வீஸ்ல ஒரு ஆம்பளையைக்கூட நான் இட்டுகினு போனதில்லையே!"

செங்கல்பட்டு முகாமுக்கு வந்திருந்த ஆண்கள் மூன்று பேர். அதில் ஒருவர் டீ குடிக்கப் போனவர் போனவர்தான். கத்தியே கிடையாது, சீனாவில் கண்டுபிடித்த முறை, சின்னத் துளைதான் என்று டாக்டர் சொன்னார். டீ ஆறுவதற்குள் முடிந்தும்விட்டது. வெளியே வந்ததும் ஞானம்மாள் ஒரு பொட்டலம் நிரோத் ஆணுறையைச் சுப்பிரமணியின் கையில் திணித்தார்.

"டாக்டர் டெஸ்டு பண்ணிச் சொல்ற வரைக்கும், ஒரு மூணு மாசம் இதப் போட்டுக்கணும்."

"அப்ப இன்னாத்துக்கு சிஸ்டர் ஆப்பரேசன்?" என்று சுப்பிரமணி அலறியது ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது.

ஆட்டோ ஸ்டாண்டில் மூல வியாதிக்கு ஆப்பரேஷன் என்று சொல்லி வைத்திருந்தான். ஆனால் ஞானம்மாளால் தன் சாதனையை அடக்கி வைக்க முடியவில்லை. ஒரே வாரத்தில் ஊரே பேசியது. "மச்சான், இனிமே நீ லேடீஸ் சீட்டுல ஒக்காரு" என்று ஸ்டாண்டில் இன்னொரு ஆட்டோக்காரன் ஏசுபாதம் கிண்டல் செய்தான். அவன் மனைவியோ மறுநாளே பாசிமணி வாங்குகிற சாக்கில் வேண்டாவிடம் வந்து, குரலைத் தாழ்த்தி ஒவ்வொன்றாக விசாரித்தாள். அவளைத் தொடர்ந்து இன்னும் சிலர் வந்தார்கள். யார் வீட்டு ஆணும் செங்கல்பட்டுப் பக்கம் போகவில்லை. ஆனால் பெண்கள் காப்பர்-டி என்றால் என்ன, மாத்திரை என்றால் என்ன, வேண்டாம் என்றால் யார் என்ன செய்ய முடியும் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

துணை நிலையத்தைவிட மரத்தடியில் கூட்டம் சேர்வதைக் கண்ட ஞானம்மாள், வியாழக்கிழமைகளில் அங்கேயே வந்து உட்கார ஆரம்பித்தார். ஒருநாள் வேண்டா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஒரு ஜப்பான்காரியிடம் சோழிமாலையை இரண்டு மடங்கு விலைக்கு விற்றும்விட்டார்.