காளிகாட்டில் ராகு காலம்

ஊரிலிருந்து யார் வந்தாலும் பெட்டியைக் கீழே வைக்கும் முன்னே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "காளிகாட்டுக்கு எப்ப கூட்டிட்டுப் போறே?" நான் வங்காளத்துக்கு வந்து லேக் மார்க்கெட்டில் குடியிருப்பதே இவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப் போகத்தான் என்று நினைப்பு. பண்டாக்கள் என்கிற கோயில் பூசாரிகள் கையைப் பிடித்து இழுப்பார்கள், கோத்திரம் கேட்பார்கள், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்கிற கதையாகக் குறுக்கே நிற்பார்கள். நெரிசலில் நசுங்கி உள்ளே போனால் அம்மனின் மூன்று கண்ணும் தங்க நாக்கும் கண்ணில் படுவதற்குள் பின்னாலிருந்து ஒருத்தர் தள்ளிவிடுவார். எனக்கு எல்லாம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றால் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆனால் என் அக்கா படுத்திய பாடு மாதிரி யாரும் படுத்தியதில்லை.

அக்கா திருச்சியிலிருந்து வந்தது கோயில் பார்க்க அல்ல, மகளைப் பார்த்துக்கொள்ள. அவள் இங்கே நியூ டவுனில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள், ஐந்து மாதக் கர்ப்பம். போன வருஷம் முதல் பிள்ளை இதே ஐந்தாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. அதனால் இந்தத் தடவை நாள் தள்ளிப்போனது தெரிந்ததிலிருந்தே அக்கா செவ்வாய்க்கிழமை தவறாமல் ராகு காலத்தில் தன் தெரு அம்மன் கோயிலில் எலுமிச்சை விளக்கு ஏற்றி வந்தாள். ஒரு வாரம்கூட விட்டுப்போகக் கூடாதாம்.

சரி, ஏற்று. யார் வேண்டாம் என்றது? ஆனால் அவள் காளிகாட்டுக்குக் கிளம்பி வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத்தான் மகளுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். "அம்மா, நீயும் கூட வா" என்று அந்தப் பெண் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். இவளோ காலையில் மகள் வீட்டிலிருந்து டாக்ஸி பிடித்து என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள்.

"என்னக்கா இது, ஸ்கேனுக்குப் போகலையா?"

"மாப்பிள்ளை கூடப் போறாரு. நீ புடவையை மாத்து."

"மத்தியானம் அங்கே நடை சாத்திடுவாங்க. அம்மனுக்குப் படையல் போட்டு, தூங்க வச்சு, சாயங்காலம்தான் திறப்பாங்க. ராகு காலம் மூணு மணிக்கு. கோயில் பூட்டியிருக்கும்."

"அம்மன் கோயில்ல செவ்வாய்க்கிழமை ராகு காலத்துல எங்கேயாவது நடை சாத்துவாங்களாடி?"

"இங்கே சாத்துவாங்க."

"முப்பது வருஷமா இங்கே இருந்து உனக்கு ஊர் வழக்கமே மறந்துபோச்சு."

அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான், சின்ன வயசிலிருந்தே. மார்க்கெட்டில் எலுமிச்சம்பழத்தை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, இந்த ஊர்ப் பழம் தோல் மெல்லிசு, திருப்பினால் கிழிந்துவிடும் என்று கடைக்காரரிடம் தமிழிலேயே சண்டை போட்டாள். அவர் வங்காள மொழியில் பதில் சொன்னார். நடுவில் நான். வீட்டுக்கு வந்து பழங்களைப் பாதியாக வெட்டிச் சாறு பிழிந்ததில் பாதிக்கு மேல் கிழிந்துபோயின. என் சமையலறையில் ஒரு குண்டான் நிறைய எலுமிச்சைச் சாறு. யார் குடிப்பது?

ஆட்டோவில் போய் இறங்கினோம். நான் சொன்ன மாதிரியே நடை சாத்தியிருந்தது. "சொன்னேனா இல்லையா?" என்றேன். அவள் காதில் வாங்கினால்தானே! ஒரு பண்டா ஓடி வந்து, விளக்கைக் கொடுத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் அம்மன் முன்னால் நானே ஏற்றுகிறேன் என்றார். அதைத் தமிழில் சொன்னேன். "சாயங்காலம் ஏதுடி ராகு காலம்?" என்றாள். இதை வங்காள மொழியில் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு மானமே போயிற்று.

அதற்குள் இவள் பூட்டிய கதவுக்கு நேராகச் சம்மணமிட்டு உட்கார்ந்து தட்டை எடுத்து வைத்துவிட்டாள். காவலாளி பெரியம்மா முறை வைத்துக் கத்திக்கொண்டே வந்தார். "மாஷிமா, இங்கே நெருப்பு வைக்கக் கூடாது, எழுந்திருங்க!" அக்கா என்னைப் பார்த்து, "என்னவாம்?" என்றாள். நான் அவரிடம் கெஞ்சி, அப்புறம் கத்தி, கடைசியில் செம்பருத்தி மாலை விற்கிற கடைக்குப் பக்கத்தில் சுவரோரம் ஏற்றிக்கொள்ளலாம் என்று சம்மதம் வாங்கினேன். அங்கேயோ ஒரே காற்று. திரி பிடிக்கும், அணையும், பிடிக்கும், அணையும். மணி மூன்று தாண்டிவிட்டது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"ஏன்க்கா, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? பெத்த பொண்ணு இந்நேரம் ஸ்கேன் ரூம்ல படுத்திருக்கா. வா வான்னு கூப்பிட்டா. நீ இங்கே எலுமிச்சந்தோலோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கே!"

அவள் தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"போன தடவை நான்தான்டி கூட நின்னேன். பரிசோதிக்கிற பொம்பளை பேசிக்கிட்டே இருந்தவ பேச்சை நிறுத்திட்டா. டாக்டரைக் கூப்பிடுறேன்னு எழுந்து போயிட்டா. எனக்குப் புரிஞ்சுபோச்சு, இவளுக்குப் புரியலை. 'என்னம்மா, என்னம்மா'ன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல? இன்னொரு தடவை அந்த ரூம்ல நிக்க எனக்குத் தெம்பு இல்லைடி. செத்துடுவேன்."

காலையிலேயே இதைச் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன! குந்தி உட்கார்ந்து முந்தானையை விரித்துக் காற்றை மறைத்துக்கொண்டேன். விளக்குகள் ஒரு மாதிரி எரிந்தன.

அவள் போன் அடித்தது. மகள். அக்கா அதைத் தொடவே இல்லை, கையெல்லாம் எண்ணெய் என்று சாக்குச் சொன்னாள். நான் எடுத்தேன்.

"சித்தி, எல்லாம் நல்லா இருக்காம். நெஞ்சுத் துடிப்பு நானே கேட்டேன். அம்மாகிட்ட குடுங்க."

ஸ்பீக்கரில் போட்டு அக்கா முகத்துக்கு நேரே பிடித்தேன். அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா? கேக்குதா? ஏம்மா நீ வரலை? கடைசி வரைக்கும் கதவையே பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தேன்."

காலையிலிருந்து கடைக்காரர், பண்டா, காவலாளி, நான் என்று எல்லோரிடமும் மல்லுக்கு நின்றவள் மகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் என் முகத்தையே பார்த்தாள். நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"உங்கம்மா மேல தப்பில்லைடி. ஸ்கேனுக்குத்தான் கிளம்பினா. நான்தான் விடலை. காளிகாட்டுல இன்னைக்கு விளக்கு ஏத்தியே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நின்னு இழுத்துட்டு வந்துட்டேன். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டு."



"நீங்களா சித்தி? கோயிலுக்கா?"

"ஆமாம்," என்றேன். "நானேதான்."