தொண்ணூற்றெட்டு சதவீதம்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை டிஸ்க் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த டாக்டர்கள்கூட அப்படித்தான். ஐம்பத்தொரு வயதில் அக்கா என்பது உறுத்தவில்லை. ஆனால் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு வருகிற யாரும் சும்மா வருவதில்லை என்பதுதான் சங்கடம். "டிஸ்க் அக்கா, கொஞ்சம் இடம் வேணும்." பத்தொன்பது வருஷமாக அவள் நாள் தொடங்குவது இந்த வாக்கியத்தில்தான்.

பதிவேட்டு அறையில் தட்டச்சராகச் சேர்ந்தவள். காகிதக் கோப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் என்பதால் கோப்புகளோடு அவளையும் சேர்த்துக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே குளிரூட்டிய அறையில், கோப்புகளைச் சேமித்து வைக்க, ஆளுயரத்துக்கு ஒரு ஸ்டோரேஜ் பெட்டி நின்றது. கையேட்டைப் புரட்டி, தப்புச் செய்து, திட்டு வாங்கி, அதைக் கட்டி மேய்க்கக் கற்றுக்கொண்டாள்.

பெட்டிக்குள் பன்னிரண்டு பன்னிரண்டு டிஸ்க்குகளாகச் சேர்த்து ஒரு குரூப். ஒரு குரூப்பில் இரண்டு டிஸ்க் செத்துப்போனாலும் மிச்சமுள்ளவை ஈடுகட்டிவிடும். அப்படிப்பட்ட குரூப்புகள் எல்லாவற்றின் இடத்தையும் ஒன்றாகக் கொட்டியதுதான் பூல். அந்தப் பூலிலிருந்து ஸ்கேன், லேப், மருந்தகம், அட்மிஷன், ஆராய்ச்சி என்று ஒவ்வொரு பிரிவுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. நூறு இருக்கிற இடத்தில் நூற்றெழுபதுக்குப் பங்கு கொடுத்திருந்தார்கள். யாரும் தன் பங்கை முழுசாக நிரப்பப் போவதில்லை என்ற தைரியத்தில் ஓடிய ஏற்பாடு அது. தைரியம் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜருடையது. பயம் அவளுடையது.

அந்த வருஷம் ஸ்கேன் அறைக்குப் புது மிஷின் வந்தது. பழைய மிஷின் ஒரு ஆளுக்கு நாற்பது படம் எடுத்த இடத்தில் இது நானூறு எடுத்தது. வந்து மாட்டிய பிறகுதான் அவளுக்கே விஷயம் தெரியும். பூல் மாதத்துக்கு மூன்று சதவீதம் என்று ஏறத் தொடங்கியது. புது டிஸ்க் வேண்டும் என்று எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். எண்பத்தைந்தில் எழுதினாள், தொண்ணூறில் எழுதினாள். மொத்தம் பதினான்கு கடிதம்.

"கொஞ்சம் சமாளிங்க அக்கா," என்றார் மேனேஜர். அவளைவிடப் பத்து வயது சின்னவர், கெட்டவர் இல்லை. யாருக்கும் முடியாது என்று சொல்ல வாய் வராதவர், அவ்வளவுதான்.

சமாளித்தாள். பிரிவு பிரிவாக ஏறி இறங்கி, பழைய வேண்டாத கோப்புகளை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் அழிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் காலை நீட்டி உட்காரத்தான் தோன்றும். பஸ் ஓட்டும் கணவர் அதற்கு முன்பே வந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். மகள் கல்யாணமாகி வெளியூரில். இருவர் இருக்கிற வீட்டில் பேச்சுக்கு அவசரம் இல்லை.

அந்த வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பூல் தொண்ணூற்றேழைத் தொட்டது. அரை மணியில் தொண்ணூற்றெட்டு. ஸ்கேன் அறையில் ஏதோ பழைய படங்களை மொத்தமாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நூறைத் தொட்டால் பெட்டி எதையும் எழுதாது. ஸ்கேன் மட்டுமில்லை, லேப் முடிவு, மருந்துச் சீட்டு, புதிதாக வருகிற நோயாளியின் பேர், எல்லாம் நின்றுவிடும்.

ஏற்றுவதை நிறுத்தச் சொல்லி ஸ்கேன் அறைக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மேனேஜருக்குப் போட்டாள்.

"மீட்டிங்ல இருக்கேன் அக்கா. நீங்களே பாத்து ஏதாவது பண்ணுங்க."

"ஏதாவதுன்னா நகலைத்தான் அழிக்கணும் சார்."

"பாத்துப் பண்ணுங்க," என்று வைத்துவிட்டார்.

ஒவ்வொரு பிரிவின் கோப்புகளும் ஒரு மாதத்தில் தினமும் எப்படி இருந்தன என்று பெட்டி நகல் வைத்திருக்கும். யாராவது தவறி எதையாவது அழித்துவிட்டால் அதிலிருந்துதான் மீட்டுக் கொடுப்பாள். லேப் நகலில் கை வைக்க மனசு வரவில்லை. அட்மிஷனிலும் இல்லை. ஆராய்ச்சிப் பங்கின் நகல்தான் பெரிது. அதற்குப் பெட்டிக்கு வெளியே டேப் நாடாவில் மறுநகல் எடுப்பதையும் அவசியமில்லை என்று மேலிடம் எப்போதோ நிறுத்தியிருந்தது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் முப்பது நாள் நகலையும் தேர்ந்தெடுத்தாள். நிச்சயமா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.

பூல் தொண்ணூற்றொன்பதுக்குப் போய்ச் சற்று நின்றது. பிறகு மெல்ல இறங்கி, மதியத்துக்குள் தொண்ணூற்றிரண்டுக்கு வந்தது. மேலே எந்த மாடியிலும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டைத் திறந்தாள். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

திங்கட்கிழமை குழந்தைகளின் எலும்பு முறிவு பார்க்கும் டாக்டர் வந்தார். அவளைப் பார்த்து முதலில் சிரித்தார்.

"டிஸ்க் அக்கா, போன புதன்கிழமை ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன். தப்பா என் ஆராய்ச்சி ஃபோல்டரை அழிச்சிட்டேன் போல. இன்னிக்குத்தான் தேடினேன். போன தடவை மாதிரி மீட்டுக் குடுங்களேன்."

"அதுல என்ன இருந்தது டாக்டர்?"

"இருநூத்திப் பன்னெண்டு குழந்தைங்களோட எலும்பு வளர்ச்சி. நாலு மாசமா அளந்தது."

டிஸ்க் பழுது என்று சொல்லியிருக்கலாம். கேட்க ஆள் கிடையாது. பெட்டியின் குறிப்பேட்டைப் படிப்பதே அவள் ஒருத்திதான். ஆனால் ஒரு பொய்யைச் சொன்னால் அதையும் தினமும் பாதுகாக்க வேண்டும். பாதுகாக்க வேண்டியவை அவளிடம் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருந்தன.

"முடியாது டாக்டர். அந்த நகல் இல்ல. வியாழக்கிழமை நான்தான் அழிச்சேன்."

"நீங்களா?"

"பூல் நிரம்பிடுச்சு. விட்டிருந்தா ஆஸ்பத்திரி மொத்தமும் நின்னிருக்கும்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேக்க நேரமில்ல. ஆனா கேட்டிருக்கணும்."

"படங்களாவது இருக்கா?"

"ஒண்ணு விடாம இருக்கு. அது ஸ்கேன் பங்குல இருக்கு."

"அப்ப மறுபடி முதல்லேருந்து அளக்கணும்," என்றார், அவளிடம் சொல்வதுபோல் இல்லாமல். கதவைச் சாத்தாமலே போய்விட்டார்.

அன்று மாலையே அவள் பேரில் புகார் போனது. மறுநாள் இயக்குநர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவள் ஒரு பக்கம் எழுதி, பதினான்கு கடிதங்களின் பிரதியையும் பின்னால் சேர்த்தாள். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதெல்லாம் எதுக்கு அக்கா? நமக்குள்ள பேசித் தீர்த்துக்கலாமே."

"நான் யாரையும் குத்தம் சொல்லல சார். தேதியை மட்டும்தான் போட்டிருக்கேன்."

"தேதிதான் அக்கா குத்துது," என்றார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் பிரதிகளை எடுக்கவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"அழிக்கச் சொல்லி யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அதான் இப்பப் பிரச்சினை."

"எனக்கும் இதேதான். சடன் பிரேக் போட்டா பின்னாடி இருக்கறவன் திட்டுவான். எதுக்குப் போட்டேன்னு முன் கண்ணாடி வழியா அவனுக்கா தெரியுது?"

"விழுந்தவங்களுக்கு அடி பட்டது நெஜந்தானே," என்றாள்.

அவர் எழுந்து போய் இருவருக்கும் தட்டு எடுத்து வைத்தார்.

எட்டு மாதம் எழுதி வராதது ஒரு புகாரில் ஒன்பதாம் நாள் வந்தது. இருபத்துநான்கு டிஸ்க், இரண்டு அட்டைப்பெட்டிகளில். அதே வாரம் அவள் பணிப் பதிவேட்டில், முன் அனுமதி இல்லாமல் தரவை அழித்ததற்காக ஓர் எச்சரிக்கையும் ஏறியது. இரண்டுக்கும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் செருகினாள். ஒவ்வொன்றும் உள்ளே போய்ச் சேரும்போது ஒரு சின்னச் சத்தம், பிறகு பச்சை விளக்கு. இரண்டு புது குரூப் கட்டி, பூலோடு சேர்த்தாள். பழைய டிஸ்க்குகளின் பாரத்தைப் பெட்டி தானே புதியவற்றின் மேல் பகிர்ந்து வைக்க இரண்டு நாள் ஆனது. கடைசியில் அறுபத்தாறு. சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். தூக்கம்தான் வந்தது. இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்து, முதல் நாள் மாலை வரை தூங்கினாள். டேப் நகல் எடுக்கும் பட்டியலில் ஆராய்ச்சிப் பங்கை மறுபடி சேர்க்கவைத்தது மட்டும்தான் லீவுக்கு முன் அவளாகக் கேட்டுச் செய்துகொண்ட காரியம்.

ஒரு மாதம் கழித்து, காலி அட்டைப்பெட்டிகளைக் குப்பைக்குக் கொண்டுபோக லிஃப்டில் ஏறினாள். உள்ளே எலும்பு டாக்டர். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது அவருக்கு.

கதவு மூடியது.

"அளந்தது எவ்வளவு ஆச்சு டாக்டர்?" என்று கேட்டாள்.

"எழுபத்தி மூணு குழந்தைங்க."

"ம்."

"நகல் இப்ப எத்தனை நாளைக்கு வைக்கறீங்க?"

"முப்பது நாள். டேப்லயும் போகுது."

அவர் தலையை அசைத்தார். தரைத்தளத்தில் கதவு திறந்தது. இரண்டு கையிலும் அட்டைகளோடு அவள் திணறியபோது, மூடப்போன கதவை அவர் காலால் தடுத்துப் பிடித்தார். அவள் பக்கவாட்டில் திரும்பி, ஒரு பெட்டி கதவில் உரச, வெளியே வந்தாள்.