கேட்டுக்கு வெளியே நின்ற கார்

1. வேலைக்குச் சேர்ந்தது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அமராவதிபுதூருக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தேன். ஆறு கட்டில், ஒரு லேபர் ரூம், ஒரே ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர். வேலைக்கு நானும் ஆயா அழகம்மையும். டாக்டரம்மா காரைக்குடியிலிருந்து வாரத்தில் சில நாள் வருவார்.

இடம் கொடுத்து, கட்டடம் எழுப்பி, எங்களுக்குச் சம்பளமும் கொடுத்தவர் ஊராட்சித் தலைவர். தச்சு ஆசாரி குடும்பத்தில் பிறந்து கட்டட கான்ட்ராக்டர் ஆனவர். பள்ளிக்கூடத்து வகுப்பறை, ஊருணிப் படித்துறை எல்லாம் அவர் கட்டிக்கொடுத்தவைதான். எதிலும் அவர் பெயர் இருக்காது. ஒரு கல்வெட்டாவது வைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"பேரு வெட்டுற கூலிக்கு இன்னொரு சன்னல் வச்சிரலாம் சிஸ்டர்" என்றார்.

தினமும் காலையில் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். பெண்கள் படுத்திருக்கும் இடம் என்று உள்ளே காலெடுத்து வைக்கமாட்டார். "தாயும் பிள்ளையும் நல்லாருக்காகளா?" என்று கேட்பார். ஆமாம் என்றால் போய்விடுவார். கை வேலையைப் போட்டுவிட்டு இதற்காக நான் கேட் வரை நடக்க வேண்டும். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

2. ஜன்னலோரக் கட்டில்

அடுத்த வருஷம் எங்களிடம் ஒரு பெண் இறந்தாள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துவிட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் போன பிறகு தூக்கி வந்தார்கள். பிள்ளையைக் காப்பாற்றினோம். அவள் ஜன்னலோரக் கட்டிலில் போய்ச் சேர்ந்தாள்.

அதோடு ஆஸ்பத்திரிக்கு ஆள் வருவது நின்றுபோனது.

"சாவு விழுந்த எடத்துல எந்தப் புள்ளத்தாச்சி வந்து படுப்பா சிஸ்டர்? அவ இன்னும் அங்குட்டுத்தான் நிக்கிறான்னு பேசிக்கிறாக" என்றாள் அழகம்மை.

மாதக்கணக்கில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. அந்த மாதங்களில் வீட்டுப் பிரசவத்தில் போன உயிர்களைப் பற்றி ஊரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தலைவர் வீடு வீடாகப் போய்ப் பேசினார். எடுபடவில்லை. கடைசியில், மதுரையில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகள் வள்ளியைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்து, அதே ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைக்கச் சொன்னார். டாக்டரம்மாவே பயந்தார்.

"மதுரையில இல்லாத வசதியா? ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

"ஆகாமப் பாருங்கம்மா. ஊரு பூராம் பாத்துக்கிட்டு இருக்கு."

வலி எடுத்தபோது வள்ளி என் கையை நெரித்துக்கொண்டு, "எங்கப்பாவுக்கு நான் பெருசா, இந்தக் கட்டடம் பெருசா சிஸ்டர்?" என்றாள். எனக்கும் அவர் மேல் கோபம்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அவர் கேட்டில் நின்றதையும் பார்த்தேன்.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். அந்த மாதமே இரண்டு பேர் பை, பாத்திரத்தோடு வந்து படுத்தார்கள். பிறகு கட்டில் காலியாக இருந்த நாள் குறைவு.

3. அந்த முற்பகல்

சில வருஷம் கழித்து ஒரு நாள் தலைவரின் அம்பாசிடர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. டிரைவர் ஹார்னை விடாமல் அடித்தார். ஓடிப்போய்ப் பார்த்தால், பின்சீட்டில் தலைவர் வேர்த்துக் கொட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். லீவுக்கு வந்திருந்த வள்ளி பக்கத்தில்.

உள்ளே டாக்டரம்மாவால் நகர முடியாத நிலை. குழந்தையின் தலை தெரிகிறது, தாய்க்குப் பிரஷர் ஏறியிருக்கிறது, சிலிண்டர் அவளுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்டர் பார்க்காமல் அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் இவரைக் காரைக்குடிக்குக் கொண்டுபோவதும் ஆகாது. நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஐயா, உள்ள வந்து படுங்க. டாக்டரம்மா எட்டிப் பாக்குற தூரத்துல இருந்தாத்தான் ஏதாச்சும் செய்ய முடியும்."

"வேணாம்."

"ஆம்பளை பொம்பளைன்னு இப்பப் பாக்காதீக."

"அதுக்கில்ல தாயி. எனக்குத் தெரியுது, நான் பொழைக்க மாட்டேன். உள்ள செத்தா மறுபடி ஒருத்தியும் வரமாட்டா. திருப்பிக் கூட்டியார எங்கிட்ட இன்னொரு மக இல்ல."

நான் வள்ளியைப் பார்த்தேன். நீயாவது சொல்லேன் என்று கத்தியே விட்டேன். அவள் அப்பாவின் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு டிரைவரிடம், "கேட்டை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்கண்ணே" என்றாள்.

கார் சுவரோரமாக நகர்ந்தது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தெரிந்ததையெல்லாம் செய்தேன். குழந்தை அழும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. டாக்டரம்மா கையுறையைக் கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வள்ளியின் தோளைத் தொட்டார்.

சுடுகாட்டுக்கு நேர்வழி ஆஸ்பத்திரி வாசல்தான். அவரை ஊருணிக் கரை சுற்றித்தான் கொண்டுபோனார்கள். கொட்டும் வேட்டும் வேண்டாம் என்று வள்ளி சொல்லிவிட்டாள். அன்று பிரசவித்த பெண், "தலைவரய்யாவக் காணோமே சிஸ்டர்?" என்று கேட்டாள். மக வீட்டுக்குப் போயிருக்காக என்று சொல்லிவிட்டு, மருந்து அறையில் போய் அழுதேன்.

புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான் சொல்வது இதுதான்: நோயாளிக்கு நம்மேல் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதைக் கட்டிக் காப்பாற்ற யாரோ என்னவோ கொடுத்திருக்கிறார்கள். அதை அலட்சியமாகச் செலவழித்துவிடாதீர்கள். அவரை உள்ளே தூக்கிப்போயிருக்க வேண்டும் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. அந்த வருத்தம் வேறு.

காரியம் முடிந்து மதுரைக்குக் கிளம்பிய அன்று காலை, வள்ளி வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"தாயும் பிள்ளையும் நல்லாருக்காகளா சிஸ்டர்?"

"நல்லாருக்காக" என்றேன்.